ராத்திரித் திருடன் ஒயரை வெட்டுகிறான்! பகல் திருடன் செம்பை உருவுகிறான்!



ராத்திரியில் தோட்டத்துக்குள் புகுந்து மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போகிற திருடனை நமக்குத் தெரியும். செம்புக்காகத்தான் வெட்டுகிறான். வெட்டி, தீ வைத்துத் தோலை எரித்து, செம்பைப் பழைய சாமான் கடையில் போடுகிறான். அவன் மாட்டினால் ஊரே கூடிக் கட்டி வைக்கிறது. போலீஸ் வருகிறது. பேப்பரில் போட்டோ வருகிறது.

இன்னொரு திருடன் இருக்கிறான். அவன் நம் தோட்டத்துக்கு வருவதே இல்லை. ஒயர் தயாராகிற இடத்திலேயே நம் செம்பை உருவிவிடுகிறான். மிச்சத்தை மினுமினுக்கிற தோலுக்குள் வைத்து, முத்திரை குத்தி, கடையில் அடுக்குகிறான். நாம் பணத்தை எண்ணிக் கொடுத்து, கும்பிட்டு வாங்கி வருகிறோம். ராத்திரித் திருடன் எடுத்ததாவது காலையில் தெரிந்துவிடும். பகல் திருடன் எடுத்தது மோட்டார் எரிந்தாலும் தெரியாது. அவனைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை.

மூன்று தடவை எரிந்த மோட்டார்

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர். நாலு ஏக்கர் தோட்டம், ஒண்ணரை ஏக்கர் மஞ்சள். போர் அறுநூறு அடி. புதிதாக 5 ஹார்ஸ்பவர் சப்மெர்சிபிள் மோட்டார், புது ஒயர், எல்லாம் நகைக்கடன் வாங்கிப் போட்டது. ஒரே கோடையில் அந்த மோட்டார் மூன்று தடவை எரிந்தது. தூக்கி இறக்கக் கூலி, காயில் கட்டக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்குப் பன்னிரண்டாயிரம். மூன்று தடவைக்கு முப்பத்தாறாயிரம். அதற்குள் மஞ்சள் வாடிப்போனது. அது தனிக்கணக்கு.

ஒயர் விற்ற கடையில் கேட்டால், “மோட்டார் சரியில்லீங்க” என்றார்கள். மோட்டார் கடையில் கேட்டால், “இ.பி. வோல்டேஜ் கம்மிங்க” என்றார்கள். இ.பி.யில் கேட்டால், “உங்க பிட்டர் ஜாயிண்ட் சரியாப் போடலை” என்றார்கள். பிட்டரைக் கேட்டால், “உங்க போர்ல மணல் வருதுங்க மாமா” என்றார். ஆக மொத்தம் குற்றவாளி யார்? போர் போட்ட விவசாயி!

கடைசியில் நாங்கள் நாலு பேர் போய் உட்கார்ந்தோம். மிச்சம் கிடந்த ஒயரில் சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டினோம். தோலை உரித்து, ஒரு கோரில் இருந்த செம்பை மட்டும் எடுத்தோம். டவுனில் நகைப்பட்டறை வைத்திருக்கிற ஆசாரியிடம் கொண்டுபோய், தங்கம் நிறுக்கிற தராசில் வைத்தோம்.

ஒயர் மேலே அச்சடித்திருந்தது 4 ஸ்கொயர். அதாவது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் கோரில் 35, 36 கிராம் செம்பு இருக்க வேண்டும். தராசு காட்டியது 23 கிராம். அது 4 ஸ்கொயர் இல்லை, இரண்டரை ஸ்கொயர்!

ஆசாரி சிரித்துவிட்டார். “ஏனுங்க, பவுன்ல அரை கிராம் குறைஞ்சா என்னை உள்ளே தள்ளுவீங்க. இதுல மீட்டருக்குப் பன்னெண்டு கிராம் போயிருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கீங்களே?” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

ஒயர் செய்வதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. 8 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பி கட்டுக்கட்டாக வருகிறது. அதை ‘டை’ என்கிற அச்சுத் துளைக்குள் விட்டு இழுக்கிறார்கள். ஒரு துளையை விட அடுத்த துளை சின்னது. பல துளைகள் தாண்டினால் கம்பி தலைமுடி போல மெலிகிறது. இழுத்த கம்பி விறைத்து நிற்கும். சூடு காட்டிப் பதப்படுத்தினால் வளையும். அப்படிப்பட்ட இழைகளைச் சேர்த்து முறுக்கினால் ஒரு கோர். அதன் மேல் பி.வி.சி. பிளாஸ்டிக்கை உருக்கிப் போர்த்தி, தண்ணீர்த் தொட்டியில் ஆற வைக்கிறார்கள். பிறகு உயர் மின்சாரம் காட்டி எங்காவது தோல் பொத்தலாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்று கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே இன்னொரு தோல் போர்த்தினால், நாம் போரில் இறக்குகிற பிளாட் கேபிள்.

திருட்டு எங்கே? 4 ஸ்கொயர் கோரில் வழக்கமாக 0.30 மில்லிமீட்டர் கனத்தில் 56 இழை இருக்கும். கள்ளக் கம்பெனிக்காரன் இழையின் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டான். எண்ணிப் பார்த்தால் மாட்டிக்கொள்வானே! கம்பியை இன்னும் சில துளைகளில் இழுத்து 0.24 ஆக்கிவிடுவான். எண்ணினால் 56 இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் செம்பு இரண்டரை ஸ்கொயருக்குத்தான் இருக்கும். குறைந்த செம்பு வெளியே தெரியாமல் இருக்க, தோலைத் தடிமனாகப் போர்த்திவிட்டால் கையில் பிடித்தால் ‘கனமான ஒயர்’! நாமும் தடவிப் பார்த்து, “நல்லா திடமா இருக்குதுங்க” என்று சொல்லி வாங்குகிறோம்.

வேறு வழிகளும் உண்டு. பழைய சாமான் கடைச் செம்பை உருக்கி, சரியாகச் சுத்தம் செய்யாமலே கம்பியாக இழுப்பது ஒன்று. அழுக்குச் செம்பில் மின்சாரம் தடைபடும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் போர்த்தி, முழுச் செம்பு என்று விற்பது இன்னொன்று. அலுமினியம் செம்பைப் போல மின்சாரம் கடத்தாது. அதே கனத்தில் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் கடத்தும்.

கணக்குப் போடுவோம்

படிக்காத விவசாயிக்கும் கணக்கு வரும். போடுங்கள் கூட்டாளிகளே!

போருக்குள் அறுநூறு அடி, மோட்டார் ரூம் வரை இன்னொரு நானூறு அடி. மொத்தம் ஆயிரம் அடி, சுமார் 300 மீட்டர். மூன்று கோர். உண்மையான 4 ஸ்கொயர் என்றால் உள்ளே சுமார் 32 கிலோ செம்பு இருக்க வேண்டும். இரண்டரை ஸ்கொயரை வைத்து ஏமாற்றினால் 20 கிலோதான். ஒரு விவசாயியிடம் 12 கிலோ செம்பு திருட்டு! 2024-லேயே செம்பு கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. எண்ணூறு என்றே வைத்தாலும் 9,600 ரூபாய். ராத்திரித் திருடன் ஒயரை வெட்டினால் எரித்த செம்புக்குப் பாதி விலைதான் வாங்குவான். பகல் திருடன் முழு விலையையும் நம்மிடமே வாங்கிவிடுகிறான்.

இது முதல் நஷ்டம். அடுத்தது வோல்டேஜ். இந்திய தர விதிப்படி 4 ஸ்கொயர் ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 4.95 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டரை ஸ்கொயருக்கு 7.98 ஓம். 5 ஹார்ஸ்பவர் மோட்டார் சுமார் 9 ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டரில் நல்ல ஒயர் 20 வோல்ட் தின்னும். ஏமாற்று ஒயர் 32 வோல்ட் தின்னும். இது மோட்டார் ஓடுகிறபோது. ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது ஒயரில் போகிற வோல்டேஜும் பல மடங்கு. டிரான்ஸ்பார்மருக்குக் கடைசியில் இருக்கிற தோட்டத்துக்கு வருவதே 350 வோல்ட். அதிலும் ஒயர் தின்றது போக மிச்சத்தில் மோட்டார் எப்படிச் சுற்றும்? உறுமிக்கொண்டே நிற்கும். காயில் வெந்துபோகும். மேலே மோட்டார் ரூமில் மீட்டர் முள் நன்றாகத்தான் காட்டும். அறுநூறு அடி ஆழத்தில் என்ன போய்ச் சேர்கிறது என்று யார் பார்த்தார்கள்?

தோலிலும் மோசடி

செம்பு போனால் பணம் போகும். தோல் போனால் உயிர் போகும்.

பி.வி.சி. தோல் வெறும் பிளாஸ்டிக் இல்லை. அது வளைய வேண்டும், வெயில் தாங்க வேண்டும், வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் ஊறக் கூடாது. அதற்கான மூலப்பொருளுக்கு விலை அதிகம். எனவே பழைய செருப்பு, பழைய பைப்பு எல்லாவற்றையும் அரைத்துச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்புக்கல் பொடி கொஞ்சம் கலப்பது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம்தான். அளவு மீறிக் கொட்டுவதுதான் மோசடி. அப்படிச் செய்த தோல் ரெண்டு கோடையில் வெடித்துப்போகும். போருக்குள் தண்ணீரை உறிஞ்சும்.

எங்கள் பக்கத்து ஊரில் போன ஆடி மாதம் வரப்போரம் போட்டிருந்த ஒயர் வெடித்துக் கிடந்தது. மழை பெய்த ஈரம். புல் மேய வந்த கன்றுக்குட்டி மிதித்தது. கத்தக்கூட இல்லை. பின்னாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா நாலு அடி தூரத்தில் நின்றுவிட்டதால் பிழைத்தார். அந்த ஒயர் வாங்கி மூணு வருஷம்கூட ஆகவில்லை. கன்றுக்கு யார் பதில்? நாளைக்கு அதே வரப்பில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தைக்கு யார் பதில்?

‘கரண்ட்டை வீணாக்குகிறான் விவசாயி’யாம்!

குளுகுளு அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், இலவச மின்சாரத்தை விவசாயி வீணடிக்கிறான் என்று. ஐயா, இந்த மின்சாரம் யாரும் போட்ட பிச்சை இல்லை. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடிய உழவர்கள் மேல் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, மூன்று உயிர் போனது. அதன் பிறகும் பல உயிர்களைக் கொடுத்து, 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த உரிமை இது.

எங்கே வீணாகிறது என்று நாங்கள் காட்டுகிறோம், வாருங்கள். மேலே போட்ட அதே கணக்கில், நல்ல ஒயர் சூடாகி இழப்பது சுமார் 360 வாட். ஏமாற்று ஒயர் இழப்பது சுமார் 580 வாட். மோட்டார் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் 220 வாட் கூடுதல் நஷ்டம். பத்துத் தோட்டத்தில் இப்படி இருந்தால் 2,200 வாட். கிட்டத்தட்ட மூணு ஹார்ஸ்பவர் மோட்டார் ஒன்று சும்மா சுற்றுவதற்குச் சமம்! தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்பு இருக்கிறது. அதில் எத்தனை தோட்டத்தில் இந்த ஒயர் ஓடுகிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? செம்பைத் திருடியவன் வீணாக்கிய கரண்ட்டுக்கும் விவசாயி தலையில்தான் பழி!

சட்டம் தூங்குகிறது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003-ம் ஆண்டு மத்திய அரசு போட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி பி.வி.சி. ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல் செய்வதும் குற்றம், விற்பதும் குற்றம். 2016-ம் ஆண்டு இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டப்படி ரெண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது முதல் தடவை குறைந்தது ரெண்டு லட்சம் அபராதம், மறுபடி மாட்டினால் குறைந்தது ஐந்து லட்சம்.

ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. எங்கள் பகுதிக் கடைகளில் ஒரு அதிகாரி வந்து ஒரு மீட்டர் ஒயரை வெட்டி எடுத்துப் போனதை நாங்கள் பார்த்ததில்லை. காய்கறிக்காரர் தராசில் முத்திரை இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு, செம்புக் கொள்ளைக்காரன் கண்ணில் படுவதில்லை.

நம்ம பக்கமும் தப்பு இருக்கிறது

உள்ளதைச் சொல்ல வேண்டும். “பில் வேண்டாங்க, ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம் மிச்சம்” என்று கடைக்காரர் சொன்னதும் நாம் தலையாட்டுகிறோம். பதினெட்டு மிச்சம் என்று நினைத்து நாற்பது சதவீதச் செம்பைக் கோட்டை விடுகிறோம். பில் இல்லாமல் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? மோட்டார் எரிந்த நம் உறுப்பினரிடமும் பில் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் ‘4 ஸ்கொ. 300’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று எல்லோரும் அதே கடைக்கு ஓடினால் ஒழுங்காகத் தயாரிக்கிறவன் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறோம். சின்னப் பட்டறை வைத்து நேர்மையாக ஒயர் போடுகிறவர்கள் நமக்கு எதிரி இல்லை. மெஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற தொழிலாளி நமக்கு எதிரி இல்லை. சிறு தொழிலும் விவசாயமும் ஒரே வண்டியின் ரெண்டு மாடு. நம் எதிரி 4 என்று அச்சடித்து இரண்டரையை விற்கிறவன். அவன் சின்னவனாக இருந்தாலும் சரி, பெரியவனாக இருந்தாலும் சரி!

வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்?

1. பில் இல்லாமல் ஒரு முழம்கூட வாங்காதீர்கள். பில்லில் கம்பெனி பெயர், எத்தனை ஸ்கொயர், எத்தனை கோர், எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்குங்கள்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 694 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை எவனும் அச்சடிப்பான். பி.ஐ.எஸ். கேர் என்கிற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். வேறு பெயர் வந்தாலோ, லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று வந்தாலோ வாங்காதீர்கள்.

3. ஒரு மீட்டர் வெட்டி, ஒரு கோரின் செம்பை மட்டும் நிறுத்துப் பாருங்கள். ஒண்ணரை ஸ்கொயருக்கு 13 கிராம், இரண்டரைக்கு 22, நாலுக்கு 36, ஆறுக்கு 53. ஒன்றிரண்டு கிராம் குறைந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். சட்டம் பார்ப்பது ஓம் கணக்கைத்தான், சுத்தமான செம்பில் கொஞ்சம் எடை குறைந்தாலும் ஓம் சரியாக வரலாம். ஆனால் நாலில் ஒரு பங்கு குறைந்தால் அது திருட்டு.

4. இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம்.

5. மோட்டார் இறக்குவதற்கு முன் ஒயரைத் தண்ணீரில் ஊறப் போட்டு, ரெண்டு முனையையும் வெளியே வைத்து, மெகர் வைத்திருக்கிற பிட்டரிடம் தோலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

6. மோட்டார் எரிந்தால் பழைய ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி! 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. ஆய்வகத்தில் பார்க்க வேண்டிய குறை என்றால் மாதிரிக்கு சீல் வைத்து அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிழைப்புக்காக ஒயர் வாங்கிய விவசாயி மட்டும் வேறு சாதியா?

நமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

• பம்பு செட் ஒயர் விற்கிற ஒவ்வொரு கடையிலும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது மாதிரி எடுத்துச் சோதனை செய்! முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டு!

• ஒவ்வொரு வட்டத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒயரின் ஓம் அளக்கும் கருவி வை! விவசாயிக்கு இலவசமாக அளந்து கொடு!

• ஒவ்வொரு ஒயர்க் கட்டிலும் நீளத்தோடு செம்பின் எடையையும் ஓம் அளவையும் தமிழில் அச்சடிக்கக் கட்டாயமாக்கு!

• விவசாய மோட்டார் ஒயருக்கான ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறை! பில் இல்லாத வியாபாரம் தானாக ஒழியும்!

• போலி முத்திரை குத்தியவர்களுக்கு அபராதம் மட்டும் போதாது. எரிந்த மோட்டாருக்கும் காய்ந்த பயிருக்கும் அவர்களிடமே வசூலித்துக் கொடு!

விவசாயத் தோழர்களே!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள். வெறுங்கையோடு வர வேண்டாம். எரிந்த மோட்டாரின் ஒயரில் ஒரு மீட்டர் வெட்டிக் கொண்டு வாருங்கள். காயில் கட்டிய சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். ஆசாரியின் தராசை நாங்கள் கொண்டு வருகிறோம். கலெக்டர் மேசை மேலேயே ஒவ்வொன்றாக நிறுத்துக் காட்டுவோம். மனு பேசாமல் இருக்கலாம். தராசு பேசும்!

நெல்லை நிறுத்து வாங்குகிறான், பருத்தியை நிறுத்து வாங்குகிறான், பாலைக்கூடக் கொழுப்பு அளந்து வாங்குகிறான். நம் பொருளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் விலையைக் குறைக்கிறான். அவன் பொருளை மட்டும் நாம் தடவிப் பார்த்து வாங்க வேண்டுமா?

நிறுத்து வாங்குவோம்! பில் போட்டு வாங்குவோம்!
உருவிய செம்புக்குக் கணக்குக் கேட்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
விவசாயிகள் சங்கம்.

(படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுங்கள்.)